மணவீட்டுக் குழந்தைகளின் புத்தாடை

 



நமது ஒசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் ஒரு வீட்டில் நிக்காஹ் நிச்சயமாகிவிட்டால், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த கையோடு ஒரு கூட்டம் ஜூஜுவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் சிவாஜி நகருக்குப் பஸ் ஏறிவிடுகிறது. ஒசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரந்தானே! முன்பெல்லாம் மணமகளுக்கும் மணமகனுக்கும் துணி எடுத்தால் போதும். இப்போது மணமக்களோடு மேடையில் நிற்கப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரே நிறத்தில், ஒரே ஜரிகையில் துணி எடுத்து, அளவு கொடுத்துத் தைக்கிறார்கள். சிறுமியருக்கு லெஹங்கா, சிறுவருக்கு ஷெர்வானி, தலைக்குக் குட்டித் தலைப்பாகை!

'இதில் என்ன குற்றம் ஹஸ்ரத்?' என்று கேட்பீர்கள். குற்றம் என்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளைகள் அலங்கரித்துக்கொண்டு கல்யாண வீட்டில் ஓடியாடுவது நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கு மிகவும் பிரியமான காட்சியாயிற்றே! அன்ஸாரிகளின் பெண்களும் பிள்ளைகளும் ஒரு திருமணத்திலிருந்து திரும்பி வருவதைக் கண்ட அண்ணலார், எழுந்து நின்று, மக்களிலேயே எனக்கு மிகப் பிரியமானவர்களில் நீங்களும் உள்ளவர்கள் என்று அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுக் கூறினார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரீயில் இருக்கிறது.

உம்மு காலித் (ரலி) அவர்களின் வரலாற்றையும் கேளுங்கள். அபிசீனியாவிலே பிறந்து மதீனா வந்து சேர்ந்த சின்னஞ்சிறு பெண் அவர். நாயகம் (ஸல்) அவர்களிடம் சில துணிகள் வந்தன. அவற்றில் கோடு போட்ட சிறிய கறுப்பு ஆடையொன்று இருந்தது. இதை யாருக்கு அணிவிக்கலாம் என்று கேட்டார்கள். தோழர்கள் மௌனமாக இருந்தனர். உம்மு காலிதை அழைத்து வரச் சொன்னார்கள். தூக்கி வரப்பட்ட அந்தக் குழந்தைக்குத் தம் திருக்கரத்தாலேயே அதை அணிவித்து, நைந்து பழசாகும்வரை உடுத்து என்று வாழ்த்தினார்கள். அதிலிருந்த வேலைப்பாட்டைக் காட்டி, அக்குழந்தைக்குத் தெரிந்த அபிசீனிய மொழியிலேயே 'அழகு' என்று சொல்லி மகிழ்வித்தார்கள். இதுவும் புகாரீயில் உள்ளதுதான்.

சிந்தித்துப் பாருங்கள்! அந்த ஆடை குழந்தைக்காக அணிவிக்கப்பட்டது, பார்ப்பவர்களுக்காக அல்ல. ஒரு நாளைக்காகவும் அல்ல. நைந்து போகும்வரை உடுத்துவதற்காக. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தைக்கும் உடுப்பு இந்த இரண்டிலும் தேறுமா?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நமது பகுதியில் ஒரு நிக்காஹ். மணப்பெண்ணின் அண்ணன் மக்கள், அக்காள் மக்கள் என்று ஏழெட்டுக் குழந்தைகள் இளஞ்சிவப்பில் ஒன்றுபோல் உடுத்தியிருந்தனர். துணியைப் பேசி முடித்தவர்கள் பெரியவர்கள். ஆனால் பணம் அவரவர் பிள்ளைக்கு அவரவர். அந்தக் குடும்பத்திலே தகப்பனை இழந்த ஒரு சிறுமியும் உண்டு. தாய் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலி வேலை பார்ப்பவர். அந்தத் தொகையைக் கொடுக்க அவரால் முடியவில்லை, கேட்கவும் கூசினார். பிள்ளைக்கு ரம்ஜானுக்குத் தைத்த பச்சைப் பாவாடையைக் கட்டிவிட்டு அழைத்து வந்தார்.

போட்டோ எடுக்கும் நேரம். எல்லாப் பிள்ளைகளோடும் அவளும் ஓடி வந்து நின்றாள். 'பச்சை டிரஸ் பாப்பா மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லும்மா' என்றார் படம் பிடிப்பவர். அவர்மீது என்ன தவறு? நிறம் ஒத்துவரவில்லை, சொன்னார். அந்தச் சிறுமி அழவில்லை. மேடையை விட்டு இறங்கிப் போய், செருப்புகள் கிடந்த வாசற்புறத்தில் தன் அம்மியின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவளுடைய நானியும் பார்த்தார், மாமுவும் பார்த்தார், நிக்காஹ் தஃப்தரோடு உட்கார்ந்திருந்த நானும் பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு அல்லாஹ்விடம் பிழை பொறுக்கத் தேடியே இதை எழுதுகிறேன்.

பஷீர் (ரலி) அவர்கள் தம் மகன் நுஃமானுக்கு மட்டும் ஓர் அன்பளிப்புக் கொடுத்து, அதற்கு நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, உம் பிள்ளைகள் எல்லாருக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதி செலுத்தும்படி பணித்தார்கள். பஷீர் (ரலி) கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இந்த ஹதீஸ் ஒரு தகப்பனின் சொந்தப் பிள்ளைகளைப் பற்றியது என்பது உண்மையே. ஆனால் ஒரே மேடையில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தும் நாம், அதன் பாடத்திலிருந்து தப்பிக்க முடியுமா? அதிலும் அநாதையை வருத்த வேண்டாம் என்று 'வள்ளுஹா' அத்தியாயத்தில் (93:9) ரப்புல் ஆலமீன் கட்டளையிட்டிருக்கும்போது!

ஆகவே, ஒன்றுபோல் தைப்பதானால் குடும்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தையுங்கள். இயலாதவர் பங்கை இயன்றவர் ஓசையில்லாமல் ஏற்றுக்கொள்ளட்டும். அது முடியாதா? ஒன்றுபோல் தைப்பதையே விட்டுவிடுங்கள். அவரவர் பெருநாள் உடுப்பில் வரட்டும். பல நிறப் பூக்கள் சேர்ந்ததும் அழகான மாலைதான்.

இனிச் சிறுவர்களின் ஷெர்வானிக்கு வருவோம். தங்கமும் பட்டும் இந்தச் சமுதாயத்தின் ஆண்களுக்கு விலக்கப்பட்டவை, பெண்களுக்கு ஆகுமானவை என்பது நாயக வாக்கு. சிறுவர்களிடமிருந்து பட்டைக் களைந்துவிட்டுச் சிறுமியரிடம் விட்டுவைப்போம் என்று ஜாபிர் (ரலி) அறிவிப்பது அபூதாவூதில் வருகிறது. இதை வைத்து, சிறுவனுக்குப் பட்டு அணிவித்தால் அணிவித்த பெரியவர்மீதே குற்றம் என்பது ஹனஃபீ மத்ஹபின் தீர்ப்பு. ஷாஃபிஈ மத்ஹபில் பருவமடையாத சிறுவனுக்கு அதில் இடம் தந்திருக்கிறார்கள். நமது பகுதியில் உருது பேசும் ஹனஃபீ குடும்பங்களும், வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய ஷாஃபிஈ குடும்பங்களும் சம்பந்தம் செய்துகொள்கிறார்கள். இரு வீட்டாருக்கும் பொதுவான வழி, பையனுக்குப் பட்டைத் தவிர்ப்பதே. ஓரத்தில் நான்கு விரல் அகலம்வரை பட்டுக் கரை வைக்க உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் அனுமதி உண்டு.

மல்பெரித் தோட்டமும் பட்டுக்கூடும் நிறைந்த மண் நம்முடையது. ஆயினும் கடையில் பட்டு எது, பாலியஸ்டர் எது என்று நமக்கே தெரிவதில்லை. ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது பட்டு. உருகிக் கெட்டியான மணிபோல் திரண்டால் பாலியஸ்டர். அசல் பட்டுக்கு மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004இல் வந்த 'சில்க் மார்க்' அடையாளச் சீட்டும் உண்டு.

தாய்மார்களே! தைக்கக் கொடுக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். ஜரிகை பிஞ்சு உடம்பில் குத்தும். உள்ளே பருத்தி லைனிங் வைக்கச் சொல்லுங்கள். கழுத்தும் கையும் இறுக்கமின்றி, பிள்ளை உட்கார்ந்து சாப்பிடவும், ஒளு செய்து தொழவும் தோதாக இருக்கட்டும். நீளத்திலும் பக்கவாட்டிலும் உள்மடிப்பு தாராளமாக விடச் சொல்லுங்கள். பிரித்துவிட்டு இரண்டு பெருநாளைக்கு உடுத்தலாம். உடுப்பு சிறுத்துப் போனால் பெட்டியில் பூட்டாமல் இன்னொரு பிள்ளைக்குக் கொடுங்கள். சீசனில் இரவெல்லாம் கண் விழித்துத் தைக்கும் தையற்காரரின் கூலியை இழுத்தடிக்காதீர்கள். உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

கடன் வாங்கிக் கால் மணி நேரப் போட்டோவுக்குத் தைப்பதுதான் வீண் விரயம். உண்ணவும் பருகவும் அலங்கரிக்கவும் அனுமதித்த அதே வசனத்தில் (7:31) விரயம் செய்வோரை நேசிப்பதில்லை என்றும் அல்லாஹ் எச்சரிக்கிறான். பெருமைக்காக உடுத்துவோருக்கு மறுமையில் இழிவின் ஆடை உடுத்தப்படும் என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் இருக்கிறது. பெருமை என்றால் என்னவென்று அறியாத பிள்ளையின் மேல் நம் பெருமையை ஏன் மாட்ட வேண்டும்?

அந்தப் பச்சைப் பாவாடைச் சிறுமி இன்று வளர்ந்திருப்பாள். நாளை அவளுக்கும் நிக்காஹ் நடக்கும், இன்ஷா அல்லாஹ். அந்த மேடையிலாவது எந்தக் குழந்தையும் தள்ளி நிற்க வேண்டாம்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்குத் தக்வா எனும் மேலான ஆடையை அணிவிப்பானாக! நம் கல்யாண வீடுகளில் எந்தக் குழந்தையின் முகமும் வாடாதிருக்க அருள்வானாக! ஆமீன்.