செருப்புக் காவலர் கேட்ட கேள்வி

புதுச்சேரி காந்தி வீதி, வேதபுரீஸ்வரர் கோயில். தரிசனம் முடித்து வெளியே வந்து, செருப்புக் காவலுக்கு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் வெளியூர்க்காரன் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். ''ஐயா, ரொம்பப் பழைய கோயிலா?''

''சாமி பழசு தம்பி. கட்டடம்தான் புதுசு!''

பழைய கோயில் இருந்தது மிஷன் வீதியில், இன்றைய சம்பா கோயிலை ஒட்டி. (செயின்ட் பால் தேய்ந்துதான் 'சம்பா' ஆனது.) 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், கவர்னர் டூப்ளேயின் ஆட்சியில் அதை இடித்துத் தள்ளினார்கள். அவரிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-லிருந்து எழுதிவந்த தன் நாட்குறிப்பில் இதை விவரமாகப் பதிந்து வைத்திருக்கிறார். பாதிரிமார்களையும் டூப்ளேயின் மனைவியையும் சாடியும் இருக்கிறார்.

''இதை நினைச்சா உங்களுக்குக் கோபம் வராதா?'' என்றேன். கொஞ்சம் விஷமமான கேள்விதான்.

''யார் மேல? இடிச்ச வெள்ளைக்காரன் ஊரை, பதிமூணே வருஷத்துல இன்னொரு வெள்ளைக்காரன் வந்து இடிச்சான். கணக்கு தீந்துபோச்சு. அப்புறம் வந்த பிரெஞ்சு கவர்னருங்க வில்லியனூர்ல தேர் வடமே புடிச்சாங்க. எனக்குக் கோவம் அந்தப் பிள்ளை மேலதான்.''

தூக்கிவாரிப் போட்டது.

''ரோமன் ரோலண்ட் லைப்ரரில உக்காந்து படிச்சிருக்கேன் தம்பி. எல்லாத்தையும் எழுதியிருக்காரு. ஆனா, கவர்னர் பக்கத்துலயே இருந்தவரு, 'உன் உத்தியோகமே வேணாம்'னு சொல்லிட்டு வந்தாரா?''

வந்திருந்தால் கோயில் தப்பியிருக்குமா? தப்பியிருக்காது என்றுதான் தோன்றுகிறது. வேறொரு துபாஷ் வந்திருப்பார். அவர் டைரி எழுதியிருக்க மாட்டார். நமக்கு ஒரு வரலாறே இல்லாமல் போயிருக்கும். பிள்ளைக்காக இப்படியெல்லாம் வாதாட நினைத்தேன். வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், செய்யாத திருட்டுக்காக வாட்ச்மேன் ஒருவரை வெளியே அனுப்பினார்கள். அவர் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரி நானும் அங்கேதான் இருந்தேன். ஆனாலும், மேனேஜர் அறையில் வாயே திறக்கவில்லை. வீட்டில் தங்கை கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாலு வருஷம் கழித்து அதையே ஒரு கதையாக எழுதினேன். உருக்கமான கதை என்று நிறையக் கடிதங்கள் வந்தன. அந்த வாட்ச்மேனிடமிருந்து எதுவும் வரவில்லை. அவர் எங்கே போனார் என்று நானும் விசாரிக்கவில்லை.

பிள்ளைக்காவது ஒரு நியாயம் சொல்லலாம். ஊரைச் சுற்றி பீரங்கிகள் நின்றிருந்தன. எனக்கு எதிரே நின்றது ஒரு மேஜை.

செருப்பை எடுத்து முன்னால் வைத்த பெரியவர், ''தம்பிக்கு என்ன உத்தியோகம்?'' என்றார்.

''சும்மா... கொஞ்சம் எழுதுவேன்.''

''ஓ!'' என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நான் நீட்டிய பத்து ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

''அடுத்த தடவை வர்றப்ப குடுங்க.''