ஆதம் மலைத் தேரை

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இரணம் அளிப்பவன் இறைவன் என்பது நம் பெரியோர் வாக்கு. பாறைகளே மலைகளாய் அடுக்கப்பட்ட செஞ்சியில் வாழும் எங்களுக்கு அது வெறும் உவமையன்று. ஐப்பசி மழை இரவில் இராஜகிரி அடிவாரத்தில் நின்றால் கல்லே குரல் கொடுப்பது போலிருக்கும்.

அத்தகைய மழை நாளொன்றில் என் மாணவன் ஒருவன் தேரையின் மீது கல்லெறிந்தான். தடுத்தேன். "இது செத்தால் யாருக்கு என்ன நஷ்டம், ஹஜ்ரத்?" என்றான்.

தவளையை மருந்தில் சேர்க்கலாமா என்று வைத்தியர் ஒருவர் வினவியபோது, அதனைக் கொல்லலாகாதென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியை அபூதாவூதிலிருந்து எடுத்துரைத்தேன். அவன் அடங்கினான், அவனுடைய வினா அடங்கவில்லை.

இலங்கையில் கண்டித் தேரை என்றொன்று உண்டு. 1872-இல் குந்தர் என்ற விலங்கியலறிஞர் அதனை உலகுக்கு அறிவித்தார். பின்னர் நூறாண்டுக்கு மேலாகியும் அதனைக் கண்டதாகச் சொல்வார் இல்லை. காப்பிக்காகவும் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. அவ்வினம் அற்றுப்போயிற்று என்று ஏட்டில் எழுதிவிட்டனர்.

2009-இல் மெண்டிஸ் விக்கிரமசிங்க என்பவரின் குழுவினர் அதனை மீண்டும் கண்டனர். 2012-இல் செய்தி வெளியாயிற்று. கண்ட இடம் எது தெரியுமா? 1344-இல் இப்னு பதூதா ஏறிய, நாம் பாவா ஆதம் மலை என்றழைக்கும் சிவனொளிபாத மலையின் காடு! 1998-இல் வேறு பெயரிட்டு விவரிக்கப்பட்ட தேரையும் இதுவே எனப் பின்வந்த ஆய்வாளர் கூறினர். ஆக, ஒரு பெயரால் இறந்ததாக எழுதப்பட்ட உயிர், மற்றொரு பெயரால் வாழ்ந்துகொண்டிருந்தது.

ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் பெயர்களைக் கற்பித்தான் என்பது திருமறை தரும் செய்தி. பெயரறிதல் உடைமையாகாது, அது அமானிதம். நாம் 'இல்லை' என்று எழுதிய ஆண்டுகளிலும் அத்தேரையின் இரணம் நின்றுவிடவில்லை. பாய்ந்தோடும் ஓடைநீரில் அதன் குஞ்சுகள் பாறையை வாயால் பற்றிக்கொண்டு வளர்ந்தன.

அம்மலைகளைத் தோட்டமாக்கிய கைகளில் நம் தமிழகத்து ஏழைகளின் கைகளும் உண்டு. பசியால் கடல் கடந்தவர்களைக் குறை கூற நாவெழவில்லை. ஆனால் எஞ்சிய காட்டையும் ஆதாயத்துக்காக அழிக்க நினைப்போர்க்கு அந்தப் பசியும் இல்லை. அவர்கள் சொல்லத்தக்க காரணமும் இல்லை.

நஷ்டம் யாருக்கு என்றான் மாணவன். நமக்கு இல்லாமலும் போகலாம், மகனே. ஆனால் அமானிதப் பொருளை அழித்தவனிடம், "உனக்கென்ன நஷ்டம்?" என்று எவரும் கேட்பதில்லை. "ஏன் அழித்தாய்?" என்றுதான் கேட்பர்.