எந்தப் படத்தைப் போடுவது?

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு மனச்சாட்சி வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பக்கத்தை அமைக்கிறவனுக்கும் அது வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அவன் தொழிலைப் பந்தல் அலங்காரம் போல ஏதோ ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், வாசகர் முதல் வரியைப் படிக்குமுன்பே அந்த விஷயத்தைப் பற்றி என்ன உணர வேண்டும் என்று தீர்மானித்துவிடுகிறவன் அவன்தான். படம் ஒன்றைச் சொல்லி எழுத்து வேறொன்றைச் சொன்னால் ஜெயிப்பது படம். இருபது வருஷமாகப் பத்திரிகைகளில் கதை எழுதி வருகிற எனக்கு இதில் சந்தேகமே கிடையாது.

இதை ஒரு குறிப்பிட்ட விஷயத்தை வைத்துப் பேசிப் பார்க்கலாம். அமெரிக்காவில் தொழிலாக ஃபுட்பால் ஆடுகிறவர்களின் மூளைக்கு நேரும் சேதத்தைப் பற்றி ஒரு பத்திரிகை ஆறு பக்கம் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறு பக்கத்தையும் எப்படி அமைப்பது?

நாம் ஃபுட்பால் என்று சொல்வது வேறு, அவர்களுடையது வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஒருவன் ஓடுவான். எதிர்க்கட்சிக்காரர்கள் அவன் மீது பாய்ந்து வீழ்த்துவார்கள். தலையில் கவசம் உண்டு. ஆனால் கவசம் காப்பாற்றுவது மண்டையோட்டை. ஓட்டுக்குள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது.

இந்த விவகாரம் வெளியே வந்தது மைக் வெப்ஸ்டர் என்பவரால். 1974 முதல் 1990 வரை பதினேழு பருவங்கள் ஆடியவர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியோடு நான்கு முறை சாம்பியன் பட்டம் பெற்றவர். ஆட்டத்தை விட்ட பிறகு நினைவு தடுமாறிற்று, குடும்பம் கலைந்தது, பல இரவுகள் தம் வண்டியிலேயே படுத்துறங்கினார். 2002-ல், ஐம்பது வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்தவர் நைஜீரியாவிலிருந்து வந்து அங்கே வேலை பார்த்த பென்னட் ஒமாலு என்ற டாக்டர். மூளை பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. மனிதர் அதோடு விடவில்லை. தம் கைப்பணத்தைச் செலவழித்து அதை மெல்லிய தகடுகளாக அறுத்து, சாயம் ஏற்றிப் பார்த்தார். டௌ என்ற புரதம் இருக்கக் கூடாத இடங்களில் திரண்டு கிடந்தது. 2005-ல் இதை மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். உடனே ஃபுட்பால் லீகின் மருத்துவக் குழுவைச் சேர்ந்தவர்கள், கட்டுரையை வாபஸ் வாங்க வேண்டும் என்று எழுதினார்கள். இத்தனைக்கும் வெப்ஸ்டரின் மூளை ஆட்டத்தினால்தான் கெட்டது என்று 1999-லேயே ஒப்புக்கொண்டு உதவித்தொகை கொடுத்திருந்தது அதே லீகின் ஓய்வூதியக் குழு!

சரி, பக்கத்துக்கு வருவோம். பத்திரிகை ஒன்றில் பக்கம் அமைக்கிற நண்பரிடம் இந்தக் கேள்வியைப் போட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"முதல் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே படம், ஸார். இரண்டு பேர் தலையோடு தலை மோதுகிற படம். கவசம் எகிறிப் பறக்க வேண்டும். மேலே கறுப்பிலே தலைப்பு."

"ஏன் அந்தப் படம்?"

"அது இல்லாவிட்டால் எவன் ஸார் படிப்பான்?"

இது லேசான வாதம் அல்ல. படிக்கப்படாத உண்மையால் யாருக்கு என்ன பயன்? வாசகரைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, பிறகு அவருக்குப் பிடிக்காததைச் சொல்வது பழைய தந்திரம். கதாகாலட்சேபக்காரர்கள் செய்தது, நாவலாசிரியர்களும் செய்வது. நானும் செய்கிறேன். ஆனாலும் இந்த இடத்தில் அந்தத் தந்திரம் செல்லாது என்பது என் கட்சி. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, அந்தப் படம் ஏற்கெனவே ஒரு விலைச் சரக்கு. 2000-க்குப் பிறகு சில ஆண்டுகள் இஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் 'ஜாக்ட் அப்' என்று ஒரு பகுதி வந்துகொண்டிருந்தது. அந்த வாரத்தின் பெரிய மோதல்களைப் பொறுக்கி எடுத்துக் காட்டுவார்கள். சுற்றி உட்கார்ந்திருக்கும் முன்னாள் ஆட்டக்காரர்கள் கூவிச் சிரிப்பார்கள். அதே படத்தை எடுத்து மேலே சோகமான தலைப்பைப் போட்டால் அது வேறு படமாகிவிடுமா? கண்ணுக்குத் தலைப்பு தெரியாது. அது பழைய ருசியைத்தான் ருசிக்கும். அதோடு, ருசித்த குற்றத்துக்குப் பரிகாரமாக இரண்டு பத்தி இரக்கமும் பட்டுக்கொள்ளும். இப்படி இரண்டையும் ஒரே விலைக்கு விற்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரிது. அந்தப் படம் பொய் சொல்கிறது. கவசம் பறக்கிற ஒரே ஒரு பயங்கர அடி, அதனால் மூளை கெட்டது என்று அது சொல்கிறது. நடப்பது அதுவல்ல. 2023-ல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் 631 ஆட்டக்காரர்களின் மூளைகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எத்தனை முறை மூளை அதிர்ச்சி ஏற்பட்டது என்ற கணக்கு நோயோடு பொருந்தவில்லை. பொருந்தியது வேறு கணக்கு: வருஷக்கணக்கில் தலை வாங்கிய சிறியதும் பெரியதுமான எல்லா அடிகளின் கூட்டுத்தொகை.

வெப்ஸ்டர் நின்ற இடத்தை நினைத்துப் பாருங்கள். அவர் 'சென்டர்'. குனிந்து நின்று பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் தள்ளிவிட்டு, அடுத்த கணமே எதிரே நிற்பவன்மீது முட்ட வேண்டும். பிறகு எழுந்து, மறுபடி குனிந்து, மறுபடி முட்ட வேண்டும். ஆட்டத்திலும் அதுதான், பயிற்சியிலும் அதுதான். எந்த முட்டலுக்கும் அரங்கம் எழுந்து நின்று கூவவில்லை; எவனும் அதைப் படம் பிடிக்கவும் இல்லை. ஏனென்றால் பார்க்க அதில் ஒன்றுமில்லை.

நம்முடைய ஃபுட்பாலிலும் இது உண்டு. இங்கிலாந்தில் ஜெஃப் ஆஸ்ல் என்று ஒருவர். தலையால் பந்தை முட்டி கோல் போடுவதில் பேர்போனவர். 2002-ல், 59 வயதில் இறந்தார். தொழிலால் வந்த நோய் என்று மரண விசாரணையில் தீர்ப்பானது. பந்தைத் தலையால் தட்டுவது பார்ப்பவனுக்கு எவ்வளவு அழகான காட்சி!

மோதல் வேண்டாமென்றால் மூளையையே காட்டலாமே என்று நண்பர் கேட்டார். காட்டியிருக்கிறார்கள். 2017-ல் ஆன் மெக்கீ குழுவினரின் ஆய்வு வந்தது. லீகில் ஆடி இறந்த 111 பேரின் மூளைகளில் 110-ல் அந்த நோய். நியூயார்க் டைம்ஸ் அந்த மூளைகளின் வெட்டுத் தகடுகளை வரிசை வரிசையாக அச்சிட்டது. வேடிக்கைக்கு அதில் இடமில்லை. ஆனால் '111-ல் 110' என்ற எண்ணும் கவசம் பறக்கிற படத்துக்குத் தம்பிதான். நோய்க்குறி கண்டு சந்தேகப்பட்ட குடும்பங்கள்தாம் பெரும்பாலும் மூளையைத் தானமாகக் கொடுத்தன. ஆகவே ஆடியவர்களில் நூற்றுக்கு இத்தனை பேர் என்று இதிலிருந்து கணக்குப் போடக் கூடாது என்று ஆய்வு செய்தவர்களே சொன்னார்கள். எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டால் இந்த வாக்கியத்தையும் அதே அளவில் போட வேண்டும். பொடி எழுத்தில் போட்டால் அது மறைத்ததற்குச் சமம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அவர்கள் வயது வந்தவர்கள், விரும்பி ஆடினார்கள், கூலியும் பெற்றார்கள். உனக்கென்ன? மேலாகப் பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் விலை தெரிந்து வாங்குவதற்குத்தான் விருப்பம் என்று பெயர். குத்துச்சண்டைக்காரர்களின் மூளை கெடுவதைப் பற்றி 1928-லேயே ஓர் அமெரிக்க டாக்டர் எழுதிவிட்டார். ஃபுட்பாலுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று லீகின் உயர் அதிகாரி ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2016-ல். இடையில் ஆடியவர்கள் எந்த விலையைத் தெரிந்துகொண்டு சம்மதித்தார்கள்?

நான் அமைத்தால் இப்படி அமைப்பேன். முதல் இரண்டு பக்கத்தில் சென்டர் குனிந்து பந்தின்மேல் கை வைத்து நிற்கிற படம். மோதலுக்கு முந்தின கணம்; ஒன்றுமே நடக்காத படம். அடுத்த இரண்டு பக்கத்தில் அதே படம் தபால்தலை அளவில், வரிசைக்குப் பின் வரிசையாக, கண் அலுக்கும் வரை. நடுவே ஒமாலுவின் கதை. கடைசிப் பக்கங்களில் வீட்டார் மனசாரக் கொடுத்த ஒரு படம். சுய நினைவில் இருந்தால் அந்த மனிதரே கொடுத்திருக்கக்கூடிய படம். வண்டியில் படுத்திருக்கிற மனிதனின் படம் கிடைத்தாலும் போட மாட்டேன். சம்மதம் சொல்லும் சக்தியை இழந்தவனிடம் திருடக் கூடாது.

"அலுப்பாக இருக்கும் ஸார்" என்றார் நண்பர்.

இருக்கட்டும். அந்த மனிதரின் மூளையைக் கெடுத்தது அந்த அலுப்புத்தான்: நாளுக்குப் பலமுறை, வருஷத்துக்கு வருஷம், யாரும் கவனிக்காத ஒரே முட்டல். இரண்டாவது வரிசையிலேயே பக்கத்தைப் புரட்டிவிடுகிற வாசகர்கள் இருப்பார்கள். அவர்களை இழக்கச் சம்மதிக்கிறேன். மோதலைக் காட்டி அவர்களைப் பிடித்து வைத்தாலும் அவர்கள் பார்க்கப் போவது மோதலைத்தான். அதை அவர்கள் இத்தனை நாளும் மைதானத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.