மதிப்பு எழுதாத அட்டை

என்னைப் பல இரவுகள் தூங்கவிடாமல் அலைக்கழித்த ஐயம் இது. அந்த ஐயத்தைச் சீடன் வாயிலும், வெகுநாள் கழித்து எனக்குக் கிடைத்த தெளிவை ஆசான் வாயிலும் வைத்திருக்கிறேன். இடம் கல்வராயன் மலையில் வெள்ளிமலை. தை மாதம், கிழங்கு பிடுங்கும் காலம். திண்ணையில் விரித்த சாக்கின் மேல் டொமினியன் ஆட்டத்தின் அட்டைகள். டொனால்ட் எக்ஸ். வக்காரினோ உருவாக்கி 2008-இல் வெளிவந்த ஆட்டம் அது. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த ஆட்டமாகத் தேர்வானது. அட்டைகளின் பெயர்களில் பலவற்றை நம் வழக்கப்படி தமிழாக்கிக்கொண்டேன்.

சீடன்: ஐயா, செம்பு 1, வெள்ளி 2, தங்கம் 3. இவற்றின் மதிப்பு அட்டையிலேயே எழுதியிருக்கிறது. வங்கி அட்டையில் மட்டும் எண்ணே இல்லை. தங்கத்தின் விலை 6, வங்கியின் விலை 7. தன் மதிப்பு இன்னதென்று சொல்லத் தெரியாத பொருளுக்கு ஏன் ஒரு காசு கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

ஆசான்: அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, படி.

சீடன்: இதை இறக்கும்போது முன்னால் எத்தனை காசு அட்டைகள் இறங்கியிருக்கின்றனவோ, இதையும் சேர்த்து, அத்தனை மதிப்பு என்று இருக்கிறது.

ஆசான்: அப்படியானால் மதிப்பு எழுதித்தான் இருக்கிறது தம்பி. எண்ணாக எழுதாமல், எண்ணைக் கண்டுபிடிக்கும் வழியாக எழுதியிருக்கிறார்கள். அதோ, லாரியில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு ஏற்றுகிறார்களே, அதன் விலை என்ன?

சீடன்: அது ஆலைக்குப் போனால்தானே தெரியும். பாயிண்ட் பார்த்துத்தானே விலை போடுவார்கள்.

ஆசான்: அதேதான். கச்சிராயபாளையம் இறங்கி, சின்னசேலம் தாண்டி, ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலை வாசலில் நிற்கும்வரை அந்த லாரிக்கு விலை கிடையாது. ஆலைக்காரன் மாதிரிக் கிழங்கை எடுத்துத் தண்ணீருக்குள் எடை பார்ப்பான். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று தெரிந்த பிறகுதான் டன்னுக்கு இன்ன விலை என்பான். விலை தெரியவில்லை என்பதற்காக இந்த மலையில் யாராவது மரவள்ளி போடாமல் இருக்கிறார்களா? எப்போது பிடுங்கினால் பாயிண்ட் நிற்கும், மழைக்குப் பின் புதுத்தளிர் விட்டால் எப்படி இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தெரியாத விலைக்கும் கணக்கில்லாத விலைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

சீடன்: அப்படியானால் வங்கியின் கணக்கைச் சொல்லுங்கள்.

ஆசான்: கையில் வருவது ஐந்து அட்டை. வங்கி ஒன்று, மற்றவை நான்கு. நான்கும் செம்பாக இருந்தால் வங்கி 5. ஆக மொத்தம் 9. அதே இடத்தில் தங்கம் இருந்தால் 7. வெற்றிக்கு வேண்டிய மாகாண அட்டையின் விலை 8. தங்கத்துக்கு எட்டாத மாகாணம் வங்கிக்கு எட்டுகிறது. மூன்று செம்பும் காசல்லாத எஸ்டேட் அட்டை ஒன்றும் கூட வந்தால் வங்கி 4. இரண்டு செம்பு என்றால் 3, தங்கத்துக்குச் சரிசமம். ஒரே செம்பு என்றால் 2, வெள்ளிக்குச் சமம். ஒன்றுமே இல்லையென்றால் 1, வெறும் செம்பு. ஆகவே மற்ற நான்கில் இரண்டு காசா என்பதுதான் கேள்வி. நான்கில் இரண்டு என்றால் பாதி. வங்கி நீங்கலாக உன் அட்டைக்கட்டில் இருக்கும் அட்டைகளில் பாதிக்கு மேல் காசு இருந்தால் வங்கி தங்கத்தை மிஞ்சும். பாதிக்குக் கீழே போனால் தங்கம் வங்கியை மிஞ்சும். ஆட்டம் தொடங்கும்போது 7 செம்பு, 3 எஸ்டேட். பத்தில் ஏழு காசு. அந்தக் கட்டில் வங்கியின் சராசரி மதிப்பு 3.8.

சீடன்: இங்கேதான் எனக்கு முடிச்சு விழுகிறது ஐயா. தேர்ந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் செம்பைக் கழித்துக் கட்டு என்கிறார்கள். சேப்பல் அட்டையை வைத்து ஒரே முறையில் நான்கு அட்டைகளைக் கூட எறிந்துவிடுகிறார்கள். ஆனால் வங்கியோ செம்பையும் தங்கத்தையும் ஒன்றாகத்தான் எண்ணுகிறது. வங்கி வாங்கியவன் செம்பை எறிந்தால், தன் சோற்றில் தானே மண் போட்டுக்கொண்டவன் ஆகமாட்டானா?

ஆசான்: நல்ல இடத்தில் பிடித்தாய். மற்ற கேள்விகளை நின்றபடியே சொல்லிவிடலாம். இதற்கு உட்கார வேண்டும். வங்கிக்குப் பக்கத்தில் இறங்கும் செம்பு தன் பங்குக்கு 1 தருகிறது. வங்கியையும் ஒன்று ஏற்றுகிறது. ஆக அதன் மதிப்பு 2, வெள்ளியைப் போல. இது உண்மை. நீ மறந்தது, அந்தப் பக்கத்து இருக்கை செம்புக்கு எத்தனை முறை கிடைக்கிறது என்பதை. கட்டில் 20 அட்டை என்று வை. அதில் வங்கி ஒன்று. ஒரு சுற்றில் ஐந்தைந்தாக நான்கு கைகள் வரும். வங்கி அவற்றில் ஒன்றில்தான் இருக்கும். உன் செம்பு அதே கையில் வர 19-இல் 4 வாய்ப்பு, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அப்படியானால் செம்பின் சராசரி மதிப்பு 2 இல்லை, 1.21. மாகாணம் வாங்க ஐந்து அட்டையில் 8 வேண்டும், அட்டைக்கு 1.6 விழ வேண்டும். 1.21 தருகிற அட்டை அந்தச் சராசரியைக் கீழேதான் இழுக்கிறது. வங்கி வந்த பிறகும் செம்பு பாரம்தான். முன்பைவிடக் கொஞ்சம் லேசான பாரம்.

இப்போது கட்டைக் குறை. 20 அட்டையை 10 ஆக்கு. வங்கி இரண்டு கைக்கு ஒருமுறை வருகிறது. மிஞ்சிய செம்பு அதோடு சேர 9-இல் 4 வாய்ப்பு. மதிப்பு 1.44. பார்த்தாயா? சில செம்புகளை எறிந்ததால் மற்ற செம்புகள் உயர்ந்தன. எறிவது வங்கிக்குப் பகை என்று நினைத்தாய். எறிந்தால்தான் வங்கி அடிக்கடி வருகிறது. நெருக்கமாக நட்ட குச்சிகளில் பாதியைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் நிற்பது பருக்கும் என்று இந்த மலையில் உள்ள பாட்டியைக் கேட்டாலும் சொல்வாள். நிலத்தில் எத்தனை குச்சி என்று பார்த்து ஆலைக்காரன் விலை போடுவதில்லை. கிழங்கில் எத்தனை பாயிண்ட் என்று பார்க்கிறான். ஆனால் முறை உண்டு. முதலில் எஸ்டேட்டை எறி. அதற்குக் காசு மதிப்பும் இல்லை, வங்கியை ஏற்றும் குணமும் இல்லை. எஸ்டேட் போகப்போக, கட்டில் காசின் விகிதம் தானாக உயரும். அதன்பின் செம்பைக் கழி. முழுக்கக் கழிக்காதே, கை காலியாகக் கூடாது. கட்டு முழுவதையும் ஒவ்வொரு முறையும் கைக்குக் கொண்டுவரும் இழுவை அட்டைகள் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போது வங்கியும் செம்பும் எப்போதும் ஒரே கையில். செம்பு உண்மையிலேயே வெள்ளி. அதை எறிபவன் வெள்ளியை எறிகிறான்.

சீடன்: அப்படியென்றால் இழுவை அட்டை வங்கிக்குத் துணையா?

ஆசான்: பெரிய துணை. கொல்லன் பட்டறை அட்டை மூன்று அட்டை தருகிறது. கையில் அதுவும் வங்கியும் இருந்தால், மற்ற மூன்றோடு இழுத்த மூன்றும் சேர்ந்து வங்கியைச் சுற்றி ஆறு. ஆறில் இரண்டு காசு போதும், தங்கத்தைத் தொட்டுவிடும். பாதி என்ற எல்லை மூன்றில் ஒன்றாக இறங்குகிறது. வங்கியை வாங்குமுன் இழுவையை வாங்கு என்பது இதனால்தான்.

சீடன்: எதிராளி படை அட்டையை இறக்கி, என் கையை மூன்று அட்டையாகக் குறைத்தால்?

ஆசான்: மூன்றில் வங்கி ஒன்று, மற்றவை இரண்டு. வங்கி 3-ஐத் தாண்டாது. அன்றைக்குத் தங்கமே வாங்கு. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

சீடன்: தத்துவஞானியின் கல் என்று ஓர் அட்டை உண்டே, எடுக்கும் கட்டிலும் கழித்த கட்டிலும் ஐந்து அட்டைக்கு 1 என்று? அது கட்டைப் பெருக்கச் சொல்கிறதே?

ஆசான்: அது வேறு பயிர், வேறு வயல். இன்னொரு நாள்.

சீடன்: உங்கள் உவமையிலேயே ஒரு குறை ஐயா. கிழங்கின் பாயிண்ட் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. வங்கியின் மதிப்போ முழுக்க வெளியே, பக்கத்து அட்டைகளில். தனக்கென்று ஒன்றும் இல்லாததை எப்படிப் பொருள் என்பது?

ஆசான்: கிழங்குக்குள் மாவு எங்கிருந்து வந்தது? இலை வெயிலைப் பிடித்தது, வேர் ஈரத்தைப் பிடித்தது, எட்டு பத்து மாதம் ஒருத்தி களை எடுத்தாள். வெளியே இருந்தது எல்லாம் உள்ளே இறங்கி, ஒருநாள் தராசில் பாயிண்ட் ஆனது. வங்கியும் அப்படித்தான். இறக்கும் கணத்தில் மேசையில் கிடப்பவை எல்லாம் அதற்குள் இறங்குகின்றன. அந்தக் கணத்துக்குப் பின் வருவது அதற்குச் சேராது. வங்கியை முதலில் இறக்கிவிட்டு நான்கு செம்பைப் பின்னால் வைப்பவனுக்கு வங்கி 1 மட்டுமே. 9 கிடைக்க வேண்டிய கையில் 5 கிடைக்கும். எடை போட்டு முடித்த பிறகு வந்து சேரும் மூட்டைக்கு அந்தச் சீட்டில் இடமில்லை. ஆகவே வங்கி எப்போதும் கடைசி. இரண்டு வங்கி இருந்தால் இரண்டும் கடைசி, ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டாவது முதலாவதையும் எண்ணும். மூன்று செம்பு, இரண்டு வங்கி: 3, பிறகு 4, பிறகு 5. மொத்தம் 12. வங்கி வந்த அதே 2010-ஆம் ஆண்டின் ப்ராஸ்பெரிட்டி தொகுப்பில்தான் 11 காசு விலையுள்ள காலனியும் வந்தது. மூன்று செம்பை வைத்தே காலனி வாங்க வங்கி வழி செய்கிறது.

இன்னொன்று. பிடுங்கிய குச்சிக்கிழங்கு இரண்டு மூன்று நாளுக்குள் ஆலை சேர வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். வங்கிக்கும் காலம் உண்டு. ஆட்டம் முற்ற முற்ற நீ மாகாணங்களை வாங்குகிறாய். வெற்றிக்கு அவை வேண்டும்; ஆனால் கையில் வந்தால் காசில்லாத அட்டைகள். வங்கி நீங்கலாக 20 அட்டை, அதில் 7 செம்பு, 3 வெள்ளி என்று வை. சரிபாதி, வங்கி தங்கத்துக்குச் சமம். அடுத்த மாகாணம் ஒன்றை வாங்கிய உடனே வங்கி தங்கத்துக்குக் கீழே இறங்குகிறது. வங்கியை வாங்க நல்ல காலம் முதல் மாகாணத்துக்கு முன்னால். கையில் 7 வந்ததே என்று கடைசியில் வாங்குபவன், கறுத்த கிழங்கை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறான்.

லாரி புறப்பட்டது. முன்விளக்கு ஒரு கணம் சாக்கின் மேல் விழுந்து, வளைவில் திரும்பி மறைந்தது. சீடன் கையைப் பார்த்தான். சரியாக 7 காசு. வங்கிக் குவியலை நோக்கிப் போன கை நின்றது. விரல்விட்டு எண்ணினான். கட்டில் மொத்தம் 20, அதில் காசு 9. தங்கத்தை எடுத்துக்கொண்டான்.