எண் 471: பொருளும் பொறுப்பும்

அந்தி நேரம், கடையில் கூட்டம். ஒரு மாது பிஸ்கட் டப்பாவொன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நானா, இதிலே எமல்சிஃபையர் 471 என்று போட்டிருக்கிறதே, அது என்ன? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார். நாம் கல்லாவிலிருந்து தலை நிமிராமலே, "பயப்படாமல் வாங்கிப் போங்க லாத்தா, எல்லாரும் வாங்குறாங்க" என்று சொல்லிவிடுகிறோம். அவரும் நம் சொல்லை நம்பிக் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

நாம் பொய் சொன்னோமா? எல்லாரும் வாங்குவது மெய்தான். ஆனால் அவர் கேட்டது அதுவன்று. அறியாத ஒன்றை அறிந்தவர்போல் சொன்னோம். இது வியாபார சாமர்த்தியமா, மோசடியா என்பதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

முதலில் அந்தச் சொல்லின் பொருளை அறிவோம். எண்ணெயும் தண்ணீரும் எவ்வளவு கலக்கினாலும் சற்று நேரத்தில் பிரிந்துவிடும். ஒரு முனையால் நீரையும் மறுமுனையால் எண்ணெயையும் பற்றிக்கொள்ளும் பொருளொன்று இடையில் நின்றால், இரண்டும் பிரியாமல் பால்போல் கலந்து நிற்கும். அக்கலவையை எமல்ஷன் என்பர். பால் கறத்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். தமிழில் பால்மம் என்கிறோம். இடையில் தரகர்போல் நிற்கும் பொருளே பால்மமாக்கி.

முட்டையின் மஞ்சட்கருவில் இயற்கையாகவே இத்தகைய பொருள் உண்டு. பிரெஞ்சு இரசாயன அறிஞர் கோப்ளே 1850-இல் அதற்கு லெசித்தின் எனப் பெயரிட்டார். மஞ்சட்கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். இன்றோ லெசித்தின் பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுக்கப்படுகிறது. பெயர் முட்டையைச் சொல்ல, சரக்கு சோயாவிலிருந்து வருகிறது. பெயரைக் கொண்டு பிறப்பிடத்தை அறிய முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

471 என்பதும் அவ்வாறே. மோனோ கிளிசரைடு, டை கிளிசரைடு என்பவற்றின் எண் அது. கொழுப்பைக் கிளிசரினோடு சேர்த்துச் சூடாக்கி அவற்றை உண்டாக்குவர். ரொட்டி மிருதுவாயிருக்கவும், மார்ஜரினில் நீர் பிரியாதிருக்கவும், ஐஸ்கிரீம் வழவழப்பாயிருக்கவும் அவை உதவுகின்றன. அந்தக் கொழுப்பு செம்பனை எண்ணெயாகவும் இருக்கலாம். மாட்டுக் கொழுப்பாகவும் இருக்கலாம். பன்றிக் கொழுப்பாகவும் இருக்கலாம். எதுவாயினும் எண் ஒன்றே. ஆகவே "471 என்றாலே ஹராம்" என்று புரளி கிளப்புவதும் தவறு. "எல்லாம் பனை எண்ணெய்தான்" என்று சாதிப்பதும் தவறு.

சில டப்பாக்களில் 'அனுமதிக்கப்பட்ட பால்மமாக்கி' என்று அச்சிட்டிருக்கும். அந்த அனுமதி உணவுச் சட்டம் தந்தது. உடல்நலம் கருதித் தந்தது. மார்க்கம் தந்த அனுமதியாக அதை எடுத்துக்கொள்ளலாகாது.

ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இரண்டுக்கும் நடுவே பலர் அறியாத சந்தேகமானவை உண்டு என்று நபிபெருமானார் (ஸல்) எச்சரித்ததை நாம் அறிவோம். கடைவீதியில் தானியக் குவியலொன்றில் அவர்கள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்ட செய்தியும் நமக்குத் தெரிந்ததே. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியாயின் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். நனைத்தவர் அவ்வியாபாரியல்லர், ஆயினும் ஈரத்தை மறைத்தவர் அவரே. பிஸ்கட்டைச் செய்தவர்கள் நாமல்லோம். ஆனால் அதிலுள்ள சந்தேகத்தைக் கீழே தள்ளி மறைப்பவர் யார்?

"நாம் என்ன இரசாயனம் படித்தவர்களா? ஆயிரம் சரக்குக்கும் மூலம் தேட முடியுமா?" என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் அறிந்திருக்க வேண்டுமென்று எவரும் நம்மைக் கேட்கவில்லை. மலேசியாவில் ஜாக்கிம், சிங்கப்பூரில் மூயிஸ் ஆகியவற்றின் ஹலால் முத்திரை இருந்தால் அதைக் காட்டலாம். மூலத்தை ஆராய்ந்தே அது தரப்படுகிறது. தாவர மூலம் என்று அச்சிட்டிருந்தால் அந்த வரியைக் காட்டலாம். இரண்டும் இல்லையேல், "எனக்குத் தெரியாது, சரக்கு அனுப்புகிறவரிடம் விசாரித்துச் சொல்கிறேன்" என்பதே நேர்மையான விடை. பெரிய பெட்டியைப் பிரித்துச் சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்போர், அப்பெட்டியின் லேபிளைப் பத்திரப்படுத்துவதும் அவசியம். லேபிள் போனால் விடையும் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. நம்மவருள் ஷாஃபி மத்ஹபினரும் உளர், ஹனஃபி மத்ஹபினரும் உளர். அசுத்தமான பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டால் சுத்தமாகுமா என்பதில் அவ்விரு மத்ஹபுகளின் சட்டம் ஒன்றுபோல் இல்லை. 471 அத்தகைய மாற்றம்தானா என்பதை உலமாக்கள் கூறட்டும். வாங்குகிறவர் தம் ஆலிமிடம் கேட்க வேண்டுமானால், முதலில் பொருளின் உண்மை அவர் கைக்கு வரவேண்டும். அந்த உண்மையைத் தருவது நம் கடமை. அவருக்காகத் தீர்ப்பளிப்பது நம் வேலையன்று.

"தெரியாது" என்று சொன்னால் அன்று ஒரு டப்பா விற்காமல் போகலாம். ஆனால் அந்த மாது மறுநாள் வேறொரு பொருளைப் பற்றிக் கேட்கும்போது, நாம் "தெரியும்" என்று சொல்வதை நம்புவார். நாணயத்தோடு செய்யும் வியாபாரத்தில் அல்லாஹ் நமக்கு பரக்கத் அருள்வானாக.