விற்பவர் வாய்மையும் வீட்டின் எல்லையும்





பௌர்ணமிதோறும் நாம் கூடிப் பஞ்சசீலம் ஏற்கின்றோம். கொடாததைக் கொள்ளேன் என்றும், பொய்யுரையேன் என்றும் வாய்விட்டு உரைக்கின்றோம். விகாரையில் ஏற்ற இச்சீலம், பத்திர எழுத்தரின் முன் அமரும் வேளையிலும் நம்முடன் இருக்கின்றதா என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

பெங்களூரில் உபாசகர் ஒருவர் தம் வீட்டை விற்க முற்பட்டார். மூலப்பத்திரப்படி மனை 20 அடி அகலம், 30 அடி நீளம். ஆக 600 சதுர அடி. அவருடைய தந்தையார் சமையற்கட்டு எழுப்பியபோது, பின்சுவரைப் பொதுச் சந்தினுள் ஒன்றரை அடி தள்ளிக் கட்டிவிட்டார். ஆகவே சுவருக்குள் அடங்கிய 30 சதுர அடி அவருக்கு உரியதன்று. வாங்க வந்தவரோ ஆலையில் உழைத்து ஓய்ந்து, சேமநிதிப் பணத்தை மடியில் முடிந்து வந்த தொழிலாளி. வில்லங்கச் சான்றைப் பார்த்தார். குறை எதுவும் காணவில்லை. “அவர் கேட்கவில்லையே, ஐயா, நானே சொல்லத்தான் வேண்டுமா? மகளின் திருமணம் நெருங்கிவிட்டதே!” என்று உபாசகர் எம்மிடம் வந்து வினவினார்.

அவருக்கு நாம் ஜாதகக் கதைகளுள் மூன்றாவதைச் சொன்னோம். செரி நாட்டு வணிகர் இருவர் அந்தபுரம் என்னும் நகரில் தெருத்தெருவாக விற்றுத் திரிந்தனர். நொடித்துப்போன செல்வக் குடும்பத்தின் மூதாட்டியும் பேத்தியும் அழுக்கேறிய பழங்கலம் ஒன்றைக் கொடுத்து, ஏதேனும் அணி தருமாறு வேண்டினர். முதல் வணிகன் ஊசியால் கீறிப் பொன்னென்று அறிந்தான். அறிந்தும், அரைக் காசும் பெறாது என்று எறிந்துவிட்டுச் சென்றான். பின்வந்த வணிகரோ, “அம்மா, இது நூறாயிரம் பெறும், என்னிடமுள்ள சரக்கனைத்தும் இதற்கு ஈடாகாது” என்று உள்ளதை உரைத்தார். அவரே போதிசத்துவர். மூதாட்டிக்குக் கலத்தின் மதிப்புத் தெரியாது; கேட்கவும் இல்லை. கேளாதவருக்கும் அவர் உரைத்தார் என்பதே இக்கதையின் உயிர்.

“நான் பொய்யேதும் சொல்லவில்லையே!” என்பார் சிலர். நன்று. வீட்டைச் சுற்றிக் காட்டி, “இந்த நான்கு சுவருக்குள் உள்ளதே வீடு” என்று கை நீட்டுகின்றோமே, அந்தக் கை பேசவில்லையா? கிரயப் பத்திரத்தில் வில்லங்கம் ஏதுமில்லை என்று எழுதி அதன்கீழ் ஒப்பமிடுகின்றோமே, அந்த ஒப்பம் பேசவில்லையா? நாவு அசையாவிடினும் நான்காம் சீலம் உடைகின்றது. அந்த 30 சதுர அடியையும் நம்பி அவர் தரும் பணம், உண்மை அறிந்து மனமுவந்து தரும் பணமன்று. ஆகவே இரண்டாம் சீலமும் உடன் உடைகின்றது.

வில்லங்கச் சான்று, பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றையே காட்டும். சுவர் எங்கு நிற்கின்றது என்பதைக் காட்டாது. ஆகவே சான்று தூயதாயிருப்பது விற்பவரின் வாய்மைக்குச் சான்றாகாது. நாட்டின் சட்டமும் இதனை அறியும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவில், விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள இயலாததுமான முக்கியக் குறையை விற்பவரே வெளியிட வேண்டும் என்கின்றது. மறைப்பதை மோசடி என்கின்றது. நாடா பிடித்து அளந்திருந்தால் அவரே கண்டிருக்கலாமே என்று நீதிமன்றத்தில் வாதாட இடமிருக்கலாம். தம்மத்தின் முன் அவ்வாதம் செல்லாது. “நீ அறிந்திருந்தாயா?” என்பது ஒன்றே அங்குக் கேள்வி.

நாம் ஆலையில் உழைத்த நாட்களில், நெய்த துணியில் பழுது கண்டால், அவ்விடத்துக் கரையில் நூல் முடிந்து அடையாளமிடுவோம். பழுதை மடிப்புக்குள் மறைத்தனுப்பினால் அது ஒழிவதில்லை. தைப்பவர் கையில்தான் வெளிப்படும். எல்லைக் குறையும் அவ்வாறே. நகராட்சியார் சந்தை அளக்கும் நாளில் இடிபடுவது விற்றவர் சுவரன்று. வாங்கிய ஏழையின் அடுப்படி.

நம் முன்னோர் ஊரின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள். சொந்த மனை என்னும் சொல்லின் அருமையை நம்மினும் அறிந்தவர் யார்? 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் மக்களை ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளுள் திருடாமையும் பொய்யாமையும் உள்ளன. அவற்றை ஏற்ற நாமே நம்மையொத்த ஒருவருக்குப் பிறர் நிலத்தைக் காட்டிப் பணம் பெறலாமா?

செய்ய வேண்டுவது கடினமன்று. அச்சாரம் வாங்குமுன் சொல்லுங்கள். வாங்கிய பின் சொல்வது பாதி மறைத்ததற்கு ஒப்பாகும். பத்திரத்தையும் நாடாவையும் வைத்துக்கொண்டு, அண்டை வீட்டாரையும் அழைத்து அளவுங்கள். ஐயமிருப்பின் நில அளவையாளரைக் கொண்டு எல்லை காணுங்கள். மிகுந்த சுவரை இடித்துத் தாருங்கள். அல்லது குறையைப் பத்திரத்திலேயே எழுதி விலையைக் குறையுங்கள்.

அந்த உபாசகர் சொல்லிவிட்டார். வந்தவர் ஒரு வாரம் யோசித்து, சுவரைப் பின்னிழுத்துக் கட்டும் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கினார். திருமணம் சிக்கனமாக நடந்தது. சிறிது கடனும் நின்றது. அவருக்குப் புதையல் கிடைத்தது என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் இன்று அத்தெருவழியே அவர் தலைகுனியாமல் நடக்கின்றார்.

கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல், செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் செயலை ஆராய்க என்று பகவான் தம் மைந்தர் இராகுலருக்கு உபதேசித்தார். பேனாவை எடுக்கும்போது அக்கண்ணாடியையும் எடுப்போமாக.

சகல உயிர்களும் நலம் பெறுக!

சாது! சாது! சாது!