வயிறு சுருங்கும் முன்



உடல் எடை குறைய ஆபரேஷனுக்கு நாள் குறித்தவரை, "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறோம். அது புறம். சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று அவதிப்படுபவருக்கு அது மருத்துவம். அழகுக்காகப் படைப்பை மாற்றுவதோடு அதைச் சேர்க்காதீர்கள்.

தயாராகிறவரே, உங்களிடமும் ஒன்று. ஆபரேஷனுக்கு முன் மருத்துவர் உணவைக் குறைக்கச் சொல்வது, இரைப்பையை மறைத்து நிற்கும் கொழுத்த கல்லீரல் சுருங்குவதற்காக. ஒளித்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டுவது தவக்குல் அல்ல. சிகரெட்டும் அப்படித்தான். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கு போகும், நஃப்ஸ் போகாது. கவலை வந்தால் சாப்பிட்டுப் பழகியவர், அந்தக் கவலையை இப்போதே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். பிறகு வலீமா சஹனில் நாலு வாயோடு உங்கள் கை நின்றுவிடும். உடன் உட்காருபவர்களே, அன்று அவரை வற்புறுத்தாதீர்கள்.